படத்தில் வராத மரம்

காலை ஏழரை மணி. ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு. வாசலில் வந்து நின்ற பைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வருகிறது.

“ஏனுங்க, பச்சைக்கத்தரிங்களா?”

“இல்லீங்க, நான் மஞ்சள். சிவகிரி.”

“அட, வாங்க மஞ்சளண்ணா! உங்களை வயசானவர்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

இரண்டு பேரும் அதற்கு முன் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால், மூன்று வருடமாக வாட்ஸ்அப் குழுவில் தினமும் பேசிக்கொள்கிறவர்கள். முகப்புப் படத்தில் பேரக்குழந்தையோ, காங்கேயம் காளையோ, பழநி முருகனோ இருப்பார். ஆளின் முகம் இருக்காது. அதனால் பயிரின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. சித்திரை மாத ஞாயிறு ஒன்றில் அந்தத் தோப்புக்கு வந்த நாற்பது சொச்சம் பேரில் பாதிப் பேர் இப்படித்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். குழுவில் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிற ஒருவர், நேரில் வாயே திறக்காமல் ஓரமாக உட்கார்ந்து வந்தவர்களுக்கு இளநீர் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போனில் கூடியவர்கள் நேரில் கூடுவது நமக்குப் புதிதல்ல. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுக்கு வந்த இளைஞர்களை அழைத்தது ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான். அடுத்த ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, முகம் தெரியாதவர்கள் போனில் பேசிவைத்துக்கொண்டு வண்டி வண்டியாகச் சாமான் கொண்டுவந்தார்கள். விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. 2012-ல் மகாராஷ்டிரத்தின் சாங்லியில் மஞ்சள் விலை சரிந்தபோது, அங்குள்ளவர்கள் ஃபேஸ்புக் வழியாகப் பேசி ஏலத்துக்குச் சரக்கு கொண்டுபோகாமல் நிறுத்திவைத்தார்கள். ஆனால், இதெல்லாம் ஏதோ ஒரு அவசரத்துக்காகக் கூடியது. அவசரம் எதுவும் இல்லாமல், ‘ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் பார்ப்போம்’ என்று மட்டும் கூடினால் என்ன கிடைக்கும்? இந்தத் தோப்பில் கிடைத்ததைச் சொல்வதற்கு முன்னால் தோப்புக்காரர் போட்ட நிபந்தனையைச் சொல்லியாக வேண்டும்.

அறுபதைத் தாண்டியவர் அவர். குழுவில் ‘தோப்பு ஐயா.’ “என்ற தோப்புக்கு வாங்க. மேடை இல்லை, மைக் இல்லை, பொன்னாடை இல்லை. விற்கிறதும் இல்லை. ஆளுக்கு ஒரு கை விதை, பிரச்னையான செடி ஒண்ணு வேரோட, இது ரெண்டும் கொண்டுவந்தாப் போதும்” என்று பதினைந்து நாளைக்கு முன்பே குரல் பதிவு போட்டுவிட்டார். பொன்னாடை வேண்டாம் என்று அவர் சொன்னது பெரிய உபகாரம். வரவேற்புரை, வாழ்த்துரை, சால்வை என்று மதியம் வரை இழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிற கூட்டங்களை நம் வாசகர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள். ஒரு பூச்சிமருந்துக் கடை ஏஜென்ட் பையோடு வந்திருந்தார். அவருக்கும் இளநீர் கொடுத்தார்கள்; பையை மட்டும் திறக்கவிடவில்லை.

பதினோரு பதிலும் ஒரு இலையும்

உடுமலைப் பக்கமிருந்து ஒரு பெண் விவசாயி வந்திருந்தார். கணவர் இறந்தபிறகு இரண்டரை ஏக்கர் தென்னையைத் தனியாகப் பார்க்கிறவர். போன வருடக் கோடையில் மட்டையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுருள் போட்டதுபோல இருக்கிறது என்று படம் எடுத்துக் குழுவில் போட்டார். அரைமணி நேரத்தில் பதினோரு பதில். வேப்பெண்ணெய் அடிங்க என்றார் ஒருவர். சோப்புத் தண்ணீர் என்றார் இன்னொருவர். இது சத்துக்குறை, உப்பு வையுங்கள் என்றார் மூன்றாமவர். ஒருவர் மட்டும் மருந்தின் பெயர், அளவு எல்லாம் போட்டு, ‘ஒரே அடியில் காலி’ என்று எழுதினார். அந்தம்மா அதைத்தான் நம்பினார். உயரமான மரத்துக்கு அடிக்கிற பவர் ஸ்பிரேயரை வாடகைக்குப் பிடித்து, கூலி கொடுத்து அடித்தார். பத்து நாள் தோப்பு சுத்தமாக இருந்தது. இரண்டு மாதத்தில் முன்பைவிட அதிகமாகப் பூச்சி வந்தது. மட்டையெல்லாம் கரி பூசியதுபோல ஆகிவிட்டது.

அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. நம் நாட்டில் இது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டதே 2016-ல் இதே பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். ஓலையின் அடியில் சுருள் வடிவத்தில் முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற தேன் போன்ற திரவம் கீழ் மட்டைகளிலும், ஊடுபயிரிலும் சொட்டும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலைக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும். இதைத் தின்று அடக்குகிற ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி தோப்பிலேயே இருக்கிறது. பெயர் என்கார்சியா. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு பொடிசு. கடுமையான மருந்தை அடித்தால் வெள்ளை ஈயோடு இதுவும் செத்துப்போகும். வெள்ளை ஈ பக்கத்துத் தோப்பிலிருந்து சீக்கிரம் திரும்பிவந்துவிடும். குளவி அவ்வளவு வேகமாகத் திரும்பாது. மருந்தடித்த தோப்பில் பூச்சி முன்பைவிடப் பெருகியது அதனால்தான்.

தோப்பு ஐயா கீழே தாழ்ந்திருந்த ஒரு மட்டையை இழுத்துப் பிடித்து, பேரனின் பள்ளிக்கூட லென்ஸைக் கையில் கொடுத்தார். “பாருங்க அம்மணி. வெள்ளையா இருக்கிறது உசுரோட இருக்கிற பூச்சிக் குஞ்சு. கறுப்பா இருக்குது பாருங்க, அதுக்குள்ள நம்ம ஆளு இருக்கிறான். மேல பொத்தல் விழுந்திருந்தா வெளிய வந்துட்டான்னு அர்த்தம்.”

அந்தம்மா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பழநிப் பக்கத்து இளைஞர் கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அக்கா, அந்த மருந்துப் பேரு போட்டது நான்தானுங்க. கடைக்காரர் அனுப்பினதை அப்படியே போட்டேன். நான் அடிச்சுப் பார்த்ததில்லீங்க.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸை அந்தத் தம்பியிடம் நீட்டினார். “நீயும் பாரு.”

குழுவில் பெயர் போடாமல் வந்துவிழுகிற ‘ஃபார்வர்டு’ செய்திக்கு யாரும் பொறுப்பு ஏற்பதில்லை. வதந்திகள் உயிரையே வாங்கிய பிறகு, 2018-ல் நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மருந்துப் பெயர் பரவுவதை எந்தக் கட்டுப்பாடும் தடுக்காது. ஒரு குழுவில் இப்போது 1024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரில் தன் தோட்டத்தில் செய்து பார்த்துச் சொல்கிறவர் யார், வந்ததைத் தள்ளிவிடுகிறவர் யார் என்று திரையில் பிரித்தறிய வழியில்லை. அந்தத் தம்பி அன்று முதல், தான் போடும் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘செய்து பார்த்தது’, ‘கேள்விப்பட்டது’ என்று ஒரு வார்த்தை சேர்க்கிறேன் என்றார். மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

கறுப்புக் குஞ்சுகள் நிறைய இருந்த ஓலைத்துண்டுகளை வெட்டி, மேலே உட்கார்ந்திருந்த வெள்ளை ஈக்களை மென்மையாகத் தட்டிவிட்டு, காகித உறையில் போட்டு உடுமலை அம்மாவிடம் கொடுத்தார் ஐயா. வீட்டுக்குப் போய், பூச்சி இருக்கிற மட்டையின் அடிப்பக்கத்தில் இந்தத் துண்டைக் குண்டூசியால் குத்திவைத்தால் போதும். குளவி வெளியே வந்து தன் வேலையைப் பார்க்கும். வெள்ளை ஈ இல்லாத ஊருக்கு இப்படி ஓலை எடுத்துப்போகக் கூடாது. பூச்சியையும் சேர்த்துக் கொண்டுபோன பாவம் வந்து சேரும். ஏற்கெனவே பூச்சி இருக்கிற தோப்புக்கு மட்டும்தான் இது. கரும்பூசணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவைக் கூழாகக் காய்ச்சிக் கலந்து தெளித்தால், காய்ந்து பொருக்காக உதிர்ந்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாள்களை மரங்களுக்கிடையே கட்டினால் பறக்கிற ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். இவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிவருகிற வழிகள்தான். அந்தம்மா இதையெல்லாம் போனிலும் படித்திருக்கிறார். பதினோரு பதிலுக்கு நடுவில் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

வேரோடு செடி கொண்டுவரச் சொன்னதும் வீண்போகவில்லை. தாராபுரத்துக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் தக்காளிச் செடி கொண்டுவந்தார். இலை மஞ்சளாகிறது என்று அவர் குழுவில் போட்ட படத்துக்குத் தழைச்சத்து, துத்தநாகம், இரும்பு என்று ஆளுக்கொரு சத்தைச் சொல்லியிருந்தார்கள். படத்தில் எல்லா மஞ்சளும் ஒன்றுதான். பையிலிருந்து செடியை எடுத்து மண்ணை உதறியதும், வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தது. வேர்முடிச்சு நூற்புழு. உரத்துக்குச் செலவழித்ததெல்லாம் புழுவுக்குத்தான் போனது. அந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை என்று மாற்றி மாற்றி வைக்காமல், ஒரு போகம் செண்டுமல்லி போட்டு, வேப்பம் புண்ணாக்கு இடச் சொன்னார்கள்.

கன்று இல்லை

பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்தவர் ஒருவர். கஜாவில் அவருக்கு நூற்றுக்கும் மேல் மரம் சாய்ந்தது. கடன் வாங்கி ஒரு பகுதி நட்டுவிட்டார். மீதி இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. தோப்பு ஐயா குழுவில் போடுகிற படங்களைப் பார்த்து, குலை தள்ளிய அந்த மரங்களின் கன்றுதான் வேண்டும் என்று முடிவெடுத்து வந்திருந்தார். நெட்டை ரகம் நட்டால் காய்ப்பதற்கு ஆறேழு வருடம் ஆகும். ஐம்பத்தைந்து வயதில் அது சின்னக் கணக்கு அல்ல. அதனால்தான் அவ்வளவு தூரம் நேரில் வந்தார்.

தோப்பைச் சுற்றிவந்தபோது, வாய்க்காலைத் தாண்டியுள்ள மேற்கு மூலைக்கு ஐயா எல்லோரையும் கூட்டிப்போனார். அங்கே ஏழெட்டு மரங்கள். ஓலைகள் விறைப்பு இல்லாமல் உள்பக்கமாக வளைந்து, மாட்டின் விலா எலும்புபோல இருந்தன. அடிமட்டைகள் மஞ்சளாகி ஓரம் கருகியிருந்தன. பாளை சிறுத்திருந்தது. “இது கேரள வேர் வாடல்ங்க. இந்த மூலையை நான் படம் எடுத்துப் போட்டதே இல்லை” என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

1882-ல் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டையில் பெருவெள்ளத்துக்குப் பிறகு முதலில் தெரியவந்ததாகச் சொல்லப்படுகிற நோய் இது. பைட்டோபிளாஸ்மா என்கிற நுண்ணுயிரி காரணம். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. மரம் உடனே சாகாது. காய் குறைந்துகொண்டே போகும், வருடக்கணக்கில் நிற்கும். குணப்படுத்த மருந்து இல்லை. முற்றிய மரங்களை அப்புறப்படுத்துவது, மீதி மரங்களுக்குத் தொழுவுரமும் சத்துகளும் குறையாமல் கொடுப்பது, நோய் உள்ள பகுதியிலிருந்து விதைக்காயும் கன்றும் எடுக்காமலிருப்பது, இவைதான் இப்போதைக்கு வழி.

பட்டுக்கோட்டைக்காரர் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “கெழக்கால இருக்கிற மரம் நல்லாத்தானே இருக்கு ஐயா? அதுலேர்ந்து ஒரு அம்பது கன்னு...” என்று இழுத்தார்.

“நல்லாத்தான் இருக்குது. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. உங்க ஊருக்கு இதைக் கொண்டுவந்து விட்டவன் நானா இருக்க வேண்டாமுங்க. இந்த நோய் இல்லாத ஊர்ல, அரசாங்க நாற்றுப்பண்ணையில வாங்குங்க.”

ஐம்பது கன்றுக்கு விலை வாங்கியிருந்தால் அந்த மாத மோட்டார்ச் செலவும் ஆள்கூலியும் ஓடியிருக்கும். அதே குழுவில், ‘ஆனைமலைக் கன்று, முன்பணம் அனுப்பினால் லாரியில் வரும்’ என்று வாரம் ஒரு விளம்பரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த விளம்பரத்தில் மேற்கு மூலை இருக்காது. போனில் யாராக இருந்தாலும் காய்த்த மரத்தைத்தான் காட்டுவார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. நல்ல மரத்தைக் காட்டத்தான் யாருக்கும் கை போகும். கன்றுக்கோ விதைக்கோ பெரிய தொகை அனுப்புவதற்கு முன்னால், ஒரு தடவை பஸ் செலவு செய்து அந்தத் தோட்டத்தைச் சுற்றி வருவது நல்லது. சுற்றும்போது வாய்க்காலைத் தாண்டியும் பார்க்க வேண்டும்.

இதே காரணத்துக்காகத்தான், ஒரு நண்பர் கொண்டுவந்திருந்த மலைவாழைக் கன்றுகளையும் பாயில் வைக்கவிடாமல் தனியே வைத்தார்கள். அவருக்கு வருத்தம்தான். ஆனால், வாழையில் முடிக்கொத்து நோய் கன்று வழியாகவே ஊர்விட்டு ஊர் போகிறது. விருப்பாட்சி வாழையை மலைகளில் அழித்தது அதுதான்.

ஒரு கை விதை

மதியம் கம்மங்கூழ், சோறு, கொள்ளுப் பருப்பு. தலைக்கு இவ்வளவு என்று முன்பே பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு களத்தில் பாய் விரித்து விதைகளை வைத்தார்கள்.

விதை பகிர்வு என்றாலே திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாதான் ஞாபகத்துக்கு வரும். 2018 டிசம்பர் 6-ல் மறைந்த நெல் ஜெயராமன் அங்கே வைத்த முறை எளிமையானது. இரண்டு கிலோ பாரம்பரிய நெல் வாங்கிப்போகிறவர், அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை பெருகியது ஒரு பக்கம். வாங்கியவர் அடுத்த வருடமும் நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ‘நல்லா வந்துச்சு’ என்று போனில் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. நெல்லைக் காட்டியாக வேண்டும். தோப்பில் கூடியவர்களும் அதே முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வாங்கியதைப்போல இரண்டு மடங்கு, அடுத்த சந்திப்பில்.

பாயில் பிரச்னையும் வந்தது. பச்சைக்கத்தரிக்காரர் போன வருடம் கூரியரில் அனுப்பிய விதையில் பாதி ஊதாக் காயாகக் காய்த்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வந்தது. விசாரித்தபோது, அவர் வீட்டுக்கு அடுத்த காட்டில் ஊதாக்கத்தரி இருந்தது தெரிந்தது. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும், தேனீ வந்தால் கொஞ்சம் கலப்படம் ஆகத்தான் செய்யும். சுரை, பீர்க்கு, பூசணிக்குக் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால், விதைக்கு விடும் பூவை மலர்வதற்கு முன்பே கட்டிவைத்து, மலர்ந்ததும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். சுரைக்காய் கசந்தால் அதைச் சாப்பிடவும் கூடாது. விதைக்கு விடவும் கூடாது.

முளைப்பு எவ்வளவு என்று எழுதாத பொட்டலங்களை ஓரமாக ஒதுக்கினார்கள். அது பெரிய வித்தை இல்லை. நூறு விதையை எண்ணி, ஈரச் சாக்கிலோ பருத்தித் துணியிலோ சுருட்டி, காயாமல் பார்த்துக்கொண்டு, பயிருக்குத் தக்கபடி ஒன்றிரண்டு வாரத்தில் எத்தனை முளைத்தது என்று எண்ணினால் ஆயிற்று. சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு நெல்லுக்கு 80, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 சதவிகிதம். அதற்குப் பக்கத்தில் இருந்தால் தைரியமாகக் கொடுக்கலாம், வாங்கலாம். பொட்டலத்தின்மேல் ரகத்தின் பெயர், அறுவடை மாதம், ஊர், முளைப்பு இந்த நான்கும் இருந்தால் போதும். போன் நம்பரை எழுதி எல்லோருக்கும் பரப்ப வேண்டியதில்லை.

பெண்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள். குழுவில் இருக்கிற பெண்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் குறைவுதான். வராதவர்களுக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. முகம் தெரியாத ஆம்பளைகள் கூடுகிற இடம், பஸ் இறங்கி இரண்டு மைல் நடை, வீட்டில் பால் கறக்கிற நேரம். சந்திப்பை நான்கு மணிக்குள் முடித்ததும், இரண்டிரண்டு பெண்களாகச் சேர்ந்து வரச் சொன்னதும், பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவர வண்டி அனுப்பியதும் கொஞ்சம் உதவியிருக்கிறது. கூட்டாகப் படம் எடுத்தபோது, “யாரு படம் குழுவுல வரக் கூடாதோ அவங்க சொல்லிடுங்க” என்று ஐயாவின் மருமகள் முன்னாலேயே கேட்டார். மூன்று பேர் நகர்ந்து நின்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த சந்திப்பு ஆடிப்பட்டம் முடிந்து, புரட்டாசியில், பழநிப் பக்கத்துத் தம்பியின் கொய்யாத் தோட்டத்தில். மருந்தடித்துக் காய்ந்துபோன வரிசையையும் காட்ட வேண்டும் என்று எல்லோரும் அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

யார் யாருக்கு என்ன விதை கொடுத்தார்கள் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மருமகள் எழுதிக்கொண்டார். உடுமலை அம்மாவின் பெயருக்கு நேராக, ‘ஓலைத்துண்டு – ஒரு உறை. கறுத்த குஞ்சு தெரிந்ததும் படம் அனுப்பணும்.’ மஞ்சளண்ணாவுக்கு, ‘நாட்டுத் தட்டைப்பயறு – ஒரு கை. திருப்ப வேண்டியது இரண்டு கை.’ பட்டுக்கோட்டைக்காரருக்கு, ‘கன்று – இல்லை. வெண்டை விதை – ஒரு பொட்டலம், முளைப்பு 78.’ அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஐந்தே காலுக்கு வருகிற பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நடந்தார்.